பம்புக்கு ஒரு நாள் ஓய்வு

நாகலக்ஷ்மி அப்படியொன்றும் பெரிய விஞ்ஞானி இல்லை. மேற்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வண்டலூர்ப் பக்கத்துக் கல்லூரிக்கு வந்துபோன ஆராய்ச்சி மாணவி. எனக்கு அடுத்த மேசை. அலுமினியம் நைட்ரைடில் கண்ணுக்குத் தெரியாத நானோ கம்பிகளை வளர்ப்பாள். காற்றே இல்லாத எஃகுக் கலத்துக்குள் அவற்றை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், நுனிகளிலிருந்து எலக்ட்ரான்கள் பாய்ந்து, எதிரே உள்ள திரை பச்சையாக ஒளிரவேண்டும். வருஷக்கணக்காக அது ஒளிர்ந்து தொலைக்கவில்லை.

2007இல் நல்ல கம்பிகள் வளர்ந்த துண்டு ஒன்று கிடைத்தது. அதை எடுத்த கையோடு, கம்பிகளை வளர்க்கும் உலைக்குழாய் விரிசல் விட்டது. புதுக்குழாய் வர மாதக்கணக்காகும். அவளுடைய ஆராய்ச்சிப் பதிவோ அந்த அக்டோபரோடு காலாவதி.

"இதுல வெளிச்சம் வந்தாதான்டி எனக்கு டாக்டரேட்" என்றாள்.

காற்று முழுவதும் வெளியேற, பம்ப் நாள்கணக்கில் ஓடவேண்டும். ஆயுத பூஜை விடுமுறையிலும் அதை ஓடவிட்டு, நிறுத்தக்கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். யார் படிக்கவோ!

லேப் உதவியாளர் பொன்னுரங்கம் முன்பு திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் இருந்தவர். அங்கே பூஜையன்று எந்த மிஷினும் ஓடாது. துடைத்து, பொட்டு வைத்து, பொரி படைத்து ஓய்வு கொடுப்பார்கள். இங்கேயும் அதையே செய்தார். பம்ப் நின்றது. வால்வு திறந்திருந்ததால் பம்பின் எண்ணெய் கலத்துக்குள் ஏறிக் கம்பிகள்மேல் படிந்துவிட்டது.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், அந்த ஆங்கிலத் தாளுக்கும் குங்குமம் வைத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை ஒருவழி பண்ணியிருப்பேன். நாகலக்ஷ்மிதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி பம்பை ஓட்டி, வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போனாள். திரை இருட்டாகவே இருந்தது. அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொன்னுரங்கம் பொரிப் பொட்டலத்தோடு வந்தார்.

"இன்னா மேடம், மூஞ்சி வாடிக் கீது? ராப்பகலா ஓடிகினே இருந்துச்சேன்னு பம்புக்கு ஒரு நாள் ரெஸ்ட் குடுத்தேன். உங்க ஆராய்ச்சி நல்லபடியா முடியணும்னு வேண்டிகினேன். வெளிச்சம் வந்துச்சா?"

அவள் பொரியைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

"வந்துச்சு அண்ணா."

மாதக் கடைசியில் பதிவு காலாவதியானதும் அவள் கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கு டீச்சராகப் போனாள். எங்க மேடம் டாக்டராயிட்டாங்க என்று சொல்லிச் சொல்லி, பொன்னுரங்கம் லேப் முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். நாங்களும் வாங்கித் தின்றோம்.