பகலில் எரிந்த பல்ப்

கறண்ட் நின்று மூன்றாவது வருடம். ஒரு நாள் காலை, அரியாலையில் என் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். தலைக்கு மேலே தூசி பிடித்துத் தொங்கிய பல்புக்குள் ஒரு சிவப்பு நூல் தெரிந்தது. கனவு காண்கிறேன் என்றுதான் நினைத்தேன். நூல் மெல்ல மஞ்சளானது.

"கறண்ட் வந்திட்டுது!" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவி பல்பைப் பார்த்து அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

நான் எண்பத்து மூன்றில் மின்சார சபையில் லைன்மானாகச் சேர்ந்தவன். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல், மண்ணோடு இணைத்து எர்த் பண்ணாமல் ஒரு கம்பியிலும் கைவைத்ததில்லை. கம்பியில் பட்டம் சிக்கினால் தடியால் தட்டாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்ததில், ஒழுங்கையில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்றே பெயர். தொண்ணூறில் சண்டையால் யாழ்ப்பாணத்துக்கே கறண்ட் நின்ற பிறகு எனக்கு எல்லாமே அரைத் தூக்கம் போலத்தான். போஸ்டுகளில் பாகல் கொடி ஏறிப் பூத்தது. ஒரு போஸ்ட் சரிந்து, பக்கத்து வீட்டுத் திலகமக்காவின் வளவுக்குள் கம்பி கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது.

"தம்பி, உதிலை உடுப்புக் காயப்போடலாமோ?" என்று அக்கா கேட்டார்.

"ஓம் அக்கா, போடுங்கோ. உதிலை இனி எங்கை கறண்ட் வரப்போகுது?"

அப்படிச் சொன்னது நான்தான்.

அந்தக் காலையில் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் கூடிக் குறைந்தது. இரண்டு வீடு தள்ளி, பெரியபிள்ளையான செல்வராசா அண்ணையின் மகளுக்கு அன்று சாமத்தியச் சடங்கு. பாட்டுப் போட ஜெனரேற்றர் பிடித்திருந்தார். அதன் சத்தம் இறங்கும்போதெல்லாம் என் வீட்டு வெளிச்சமும் இறங்கியது. எனக்கு விளங்கிவிட்டது. மெயின் சுவிட்சை இறக்காமல் ஜெனரேற்றரை வீட்டுப் பிளக்கில் கொழுவியிருக்கிறார். கறண்ட் அவர் வீட்டோடு நிற்காமல் ஒழுங்கைக் கம்பி முழுக்க ஓடுகிறது.

அது அக்கா உடுப்புத் தோய்க்கிற நேரம். வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன். அக்கா பிழிந்த சேலையைக் கம்பிக்கு மேலே வீச இரண்டு கையாலும் தூக்கியிருந்தார்.

"போடாதையுங்கோ அக்கா! கறண்ட்!"

சேலை கையிலேயே நின்றது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "உனக்கென்ன விசரோ? நீதானே சொன்னனீ, உதிலை இனி வராதெண்டு."

சேலையைப் பறித்து மண்ணில் போட்டுவிட்டு, சடங்கு வீட்டுக்கு ஓடினேன்.

"என்ரை வீட்டிலைதானே கொழுவினனான். மற்றாக்களுக்கென்ன?" என்றார் செல்வராசா அண்ணை.

"மெயினை இறக்கிறன் அண்ணை. உங்கடை பாட்டு நிக்காது."

இறக்கினேன். பாட்டு நிற்கவில்லை. ஒழுங்கையில் மட்டும் வீட்டுக்கு வீடு "ஐயோ, கறண்ட் போட்டுது!" என்று குரல் கேட்டது. அதைக் கேட்க நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அன்று பின்னேரமே ஒழுங்கையில் எல்லா வீட்டு ஃபியூஸையும் கழற்றி, கம்பியை எர்த் பண்ணினேன். அக்காவுக்குக் கயிற்றுக் கொடி கட்டிக் கொடுத்தேன்.

இப்போது வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கம்பி செத்துவிட்டது என்று வாயால் சொல்லாதீர்கள், டெஸ்டர் சொல்லட்டும்; அது சொன்னாலும் எர்த் பண்ணாமல் விடாதீர்கள். அந்த மூன்று வருடமும் என் டெஸ்டர் சட்டைப் பையில்தான் இருந்தது. அக்கா கேட்ட அன்றைக்கும் இருந்தது. நான் அதை எடுக்கவுமில்லை, கம்பியை எர்த் பண்ணவுமில்லை.