ஜமீலுன்னிசாவின் இடுப்பில் இரண்டாவது ஆணி

ஜமீலுன்னிசா மயிலாப்பூரில் வீடு வீடாகப் போய் வளையல் போட்டுவிடுகிறவள். கணவன் இறந்தபின் ராயப்பேட்டையில் தம்பி குலாம் முகம்மதுவின் வீட்டோடு இருந்தாள். 1945-இல் ஒரு வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில், தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் நீளமான ஆணி ஒன்றை உள்ளே செலுத்திச் சேர்த்தார்கள். எலும்பு நன்றாகவே கூடியது. பழையபடி வளையல் பெட்டியோடு மாட வீதிகளைச் சுற்றினாள்.

மூன்று வருஷம் கழித்து, கச்சேரி ரோட்டில் ஒரு சைக்கிள் இடித்து அதே பக்கம் விழுந்தாள். இந்த முறை, ஆணி இருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது.

"புத்தூர்ல போய் கட்டு போட்டுக்கலாம்க்கா. மறுபடியும் கத்தி வாணாம்" என்றான் குலாம் முகம்மது.

"உள்ள இரும்பு கீதுடா. அத்த வெச்சுக்கினு இழுத்துக் கட்டுனா இன்னா ஆவும்?"

எலும்பு டாக்டர் அனந்தராமன் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"கால்ல எடை தொங்கவிட்டு மூணு மாசம் படுத்தே இருக்கலாம். ஆனா முதுகு புண்ணாகும், எலும்பு கோணலா சேரலாம். ஆபரேஷன்னா ரெண்டு வழி. பழைய ஆணி இறுக்கமா இருந்தா அதை விட்டுட்டு, முறிஞ்ச இடத்துல மட்டும் தகடு வெச்சுத் திருகிடுவேன். ஆடினா அதை எடுத்துட்டு, ஆணியும் தகடும் ஒண்ணா இருக்கறதைப் போடணும். அது பெரிய ஆபரேஷன். ரத்தம் நிறையப் போகும்."

"இப்ப ஆடுதா, ஆடலியா?"

"படத்துல சந்தேகமா இருக்கு. திறந்தாதான் தெரியும். அதனாலதான் முன்னாடியே உங்களைக் கேக்கறேன்."

கத்தியைவிட, தம்பி மனைவி ஷகீலா மூன்று மாதம் தனக்கு மலம் அள்ளுவதை நினைத்துத்தான் ஜமீலுன்னிசா பயந்தாள்.

"நடப்பேனா?"

"தடி ஊனி நடக்கலாம். கீழே குந்தி உக்கார முடியாது."

வளையல் போடுவது குந்தி உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனாலும் அவள், "ஆடுனா புடுங்கிடுங்க டாக்டரய்யா. அரைகுறையா வுட்டு மூணாவது தபா என்னை இங்க வர வெக்காதீங்க" என்றாள்.

திறந்து பார்த்தபோது, இடுக்கி பட்டதும் ஆணி ஆடியது. டாக்டர் அதை உருவி எடுத்துவிட்டு, தகடோடு சேர்ந்த புது ஆணியைப் பொருத்தினார். குலாம் முகம்மது ரத்தம் கொடுத்தான். நான்காம் நாள் ஜமீலுன்னிசாவுக்குக் காய்ச்சல் கண்டது. பென்சிலின் ஊசி போடப் போட, தணிந்தது. ஊசியோடு வந்த நர்ஸை ஒவ்வொரு முறையும் திட்டினாள். அடைமழை தொடங்கியபோது அக்குள் கட்டைகளோடு எழுந்து நின்றாள். அந்தக் கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. செருப்புத் தைப்பவர் அடியில் தோல் வைத்துச் சரிசெய்து கொடுத்தார்.

தை பிறந்ததும், தடியோடு, வழக்கமாக வளையல் போடும் சுந்தரவல்லி மாமியின் வீட்டு ரேழியில் போய் நின்றாள்.

"உக்காரேன் ஜமீலா, ஏன் நின்னுண்டிருக்கே?"

"கீழ குந்த முடியாது மாமி. உள்ள தகடு வெச்சுக் கீது. ஒரு முக்காலி குடுங்க."

அந்த வீட்டில் வளையல்காரி தரையில்தான் உட்காருவது வழக்கம். மாமி தயங்கினாள். மகள் நீரஜா உள்ளே போய் முக்காலியை எடுத்துவந்து போட்டாள். ஜமீலுன்னிசா அதில் உட்கார்ந்தாள். மாமி தரையில் உட்கார்ந்து கையை மேலே நீட்டினாள்.

சில வீடுகளில் முக்காலி தரவில்லை. அந்த வீடுகளுக்கு ஜமீலுன்னிசா பிறகு போகவில்லை.