வேலியைப் பிரித்தவளுக்கு ஞானஸ்நானம் இல்லை

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து எங்கள் சபை வேன் கிளம்பியது. வாடகை நாலாயிரம். வெள்ளிமலைப் பக்கத்து ஓடையில் மூன்று பேருக்கு ஞானஸ்நானம். எங்கள் சபையில் தண்ணீரில் இறங்கும் பெண்கள் உடம்பில் பொட்டு நகை இருக்கக் கூடாது. சுலபத்தில் வராத மூக்குத்தி, மெட்டிகளைக் கழற்றவென்றே சோப்பு, நூல், சின்னக் குறடு அடங்கிய பை ஒன்று உண்டு. வழக்கமாக அதைத் தூக்கும் அக்காவுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று அது என் தலையில் விழுந்தது. தையல்காரி கைக்கு இந்த வேலை வரும் என்று பாஸ்டரே முடிவு செய்துவிட்டார்.

கச்சிராயபாளையத்தில் டீ, பத்து ரூபாய். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறியதும் வேனில் பாட்டுச் சத்தம் கூடியது. நான் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். மலை அழகை வர்ணிக்கச் சொன்னால் வளைவுகளைத் திட்டத்தான் தெரியும்.

ஒன்பது மணிக்கு இறங்கி, ஓடைக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். ஞானஸ்நானம் எடுக்க வந்த மூவரில் ஒருத்தி, அங்கே எங்களோடு சேர்ந்துகொண்ட சின்னப்பொண்ணு என்ற மலைக்காரி. அவள் புருஷன் அண்ணாமலை என்னோடு நடந்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர்களோடு பல வருஷப் பகையாம். இவர் தன் காட்டைச் சுற்றி முள்வேலி போட்டதில், அந்த வீட்டுப் பெண்கள் ஊற்றுத் தண்ணிக்கு மலையைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்த சின்னப்பொண்ணு ஒரு நாள் அரிவாளோடு போய் வேலியைப் பிரித்துவிட்டாள்.

"அடிக்கவே போயிட்டேங்க. 'மன்னிச்சிட்டேன்னு சாமிகிட்ட சொல்லிட்டு வேலிய வெச்சிக்கினு இருந்தா அது பொய்யில்லியா'ன்னு கேட்டா. இன்னிக்கி நானே கூட்டியாந்துட்டேன்," என்றார்.

ஓடைக்கரையில் சின்னப்பொண்ணு காலடியில் உட்கார்ந்தேன். மற்ற இருவரும் கழற்றிவிட்டார்கள். இவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"தாலி, மெட்டி கழட்டுனா எங்க பக்கம் புருஷன் செத்துட்டான்னு அர்த்தம்க்கா. அவரு இதோ நிக்கிறாரு."

பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, உலகத்தை விட்டு வராதவர்களுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்றார். குறடு இருக்கிறதே, வேலையைப் பாருங்கள் என்று என்னையும் அதட்டினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உயிரோடு நிற்கிற மனுஷனைக் கரையிலேயே சாகடிக்க எனக்கு மனசு வரவில்லை.

"வேலியப் பிரிச்சவ இன்னும் எதைக் கழட்டணும் பாஸ்டர்?" என்று கேட்டு எழுந்துவிட்டேன்.

பாஸ்டர் என்னைப் பார்க்காமல் அடுத்தவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மற்ற இருவரும் முழுகி எழுந்தார்கள். சின்னப்பொண்ணு கரையில் உட்கார்ந்து, தெரிந்த வரிகளை மட்டும் அவர்களுக்காகப் பாடினாள். முடிந்ததும் பாஸ்டருக்குக் கும்பிடு போட்டு, "வரேங்கய்யா, ஜெபத்த வூட்டுலயே பண்ணிக்கிறேன்," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்த கோபமெல்லாம் என்னுடையதுதான்.

நான் வேனில் ஏறவில்லை. அவர்களோடு போய்ச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டேன். காட்டின் நடுவே புல் தேய்ந்து ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி இரண்டு குடத்தோடு அதில் போனாள், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னும் பேச்சில்லக்கா. தண்ணி போவுது, அது போதும்," என்றாள் சின்னப்பொண்ணு.

மதியப் பேருந்தில் மலை இறங்கினேன். கள்ளக்குறிச்சி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் சபைச் சுவரை ஒட்டி ஒரு சந்து இருக்கிறது. பின்னால் இருக்கும் குடிசைக்காரர்கள் கூலிவேலைக்குப் போய் வந்த வழி. ஆராதனை நேரத்தில் அழுக்குத் துணியோடு குறுக்கே போகிறார்கள் என்று போன வருஷம் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார்கள். அன்றிலிருந்து அவர்கள் சாக்கடையைத் தாண்டித்தான் போகிறார்கள். பெருக்குகிற முறை எனக்கு என்பதால் சாவி ஒன்று என்னிடம் உண்டு.

திறந்தேன். பூட்டைச் சாக்கடையில் எறிந்தேன். நாளை ஆராதனைக்கு முன் யார் திறந்தது என்று பாஸ்டர் கேட்பார். முதல் வரிசையில் உட்கார்ந்து, நான்தான் என்று சொல்வேன்.