மெலிந்த ரத்தமும் மீந்த மாத்திரையும்

மருந்துக்கடையில் பில்லை வாங்கியபோதுதான் அந்த யோசனை பளிச்சிட்டது: இந்த மாத்திரைக்கு வருடத்துக்கு எவ்வளவு ஆகும்? வீட்டில் ஏன் யாருமே கணக்குப் போடவில்லை? வாப்பா துபாயில் இருந்தவரை கம்பெனி இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது. வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகு, காலையும் இரவும் அவர் போடும் ரத்தம் மெலிசாக்கும் மாத்திரை முழுக்கக் கைக்காசு.

தலத்தெருவில் எங்கள் வீடு வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. ஷேர் ஆட்டோவிலேயே போனில் செலவுக் கணக்குக்குக் கட்டம் போட்டேன். மாத்திரை, டாக்டர் ஃபீஸ், டெஸ்ட், வண்டிச் செலவு. கூட்டிப் பார்த்தால் என் டியூஷன் வருமானம் மொத்தமும் அதற்கே சரியாகிவிடும் போலிருந்தது.

மாதம் முடிந்தது. அடுத்த அட்டை வாங்க வேண்டிய நாளில் அலமாரியைத் திறந்தால் மாத்திரை மீந்து கிடக்கிறது!

"உம்மா, நான் போட்டதைவிடச் செலவு கம்மி!"

"ஏன், மாத்திரை குட்டி போட்டுச்சா?" என்றார் உம்மா அடுப்படியிலிருந்து.

துள்ளல் அடங்கிவிட்டது. திரும்ப எண்ணினேன். கணக்கில் தப்பில்லை. வாப்பாவிடம் ஓடினேன். கண்ணாடி முன் நின்று தாடையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா அப்பப்ப ராத்திரி மாத்திரையை விட்டுடுறேன். சவரத்துல கீறினா ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. அதான் போதுமான அளவு மெலிசா இருக்கே! நோன்புக் கஞ்சி தண்ணியா இருந்தா மேல மேல தண்ணி ஊத்துவாங்களா?"

அவருடைய இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது, உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குப் போய்விடலாம் என்றுதானே டாக்டர் இதை எழுதினார்? இந்த மாத்திரை ரத்தத்தில் தண்ணீர் ஊற்றுவதில்லை, உறையாமல் பார்த்துக்கொள்கிறது. வேளை தப்பினால் அந்தக் காவலும் போய்விடும். ஆனால் எல்லோரும் 'மெலிசாக்கும் மாத்திரை' என்றே சொல்கிறோம். என் கட்டத்திலும் அதே பெயர்தான்.

உடனே கிளினிக்குக்குப் போன் போட்டேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து நர்ஸ் சொன்னார்: "இன்னைக்கு ராத்திரியிலேருந்து தவறாம போடச் சொல்லுங்க. விட்டதுக்காக ரெண்டா சேர்த்துப் போடக் கூடாது. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

"அப்ப செலவு ஏறுமே, கலெக்டரம்மா?" என்றார் வாப்பா, ராத்திரி மாத்திரையை நீட்டியதும்.

"ஏறட்டும் வாப்பா. வாயைத் திறங்க."

என் கண் முன்னாலேயே விழுங்கினார். கட்டத்தில் பெயரை 'கட்டி பிடிக்காத மாத்திரை' என்று மாற்றிவிட்டேன். நாளை டாக்டரிடம் முதல் கேள்வி என்னுடையது: இதே மருந்து வேறு கம்பெனியில் குறைந்த விலைக்குக் கிடைக்குமா, அதற்கு மாறலாமா? இரண்டாவதை, அந்தக் கஞ்சிக் கேள்வியை, வாப்பாவையே கேட்க வைக்கப்போகிறேன்.