குங்குமம் வைத்த முனைகள்

ஜீவிதாவின் கணினி டைட்டேனியத்தை வெள்ளரிக்காய் போலச் சீவியது. ஆய்வகத்து நிஜ லேத்தில் அப்படி நடக்கவில்லை. வெட்டுமுனையைப் பின்னுக்குத் தள்ளும் விசை, நிஜத்தில் அளந்ததில் பாதிதான் கணக்கில் வந்தது. கொள்ளேகாலிலிருந்து அம்மா கேட்கும்போதெல்லாம் "இதோ முடிஞ்சுது" என்று சொல்லிவந்தவள், இப்போது அம்மாவின் போனையே எடுப்பதில்லை. திங்கட்கிழமை மைசூரில் ஆய்வுக்குழு கூடுகிறது. அதற்குள் கணக்கு சரியாகாவிட்டால் பிஎச்.டி. பதிவு ரத்து. நீட்டிப்புகள் தீர்ந்துவிட்டன.

"உராய்வைக் கொஞ்சம் ஏத்தும்மா. வரைபடத்துல கணக்குக் கோடும் அளந்த கோடும் ஒட்டிண்டுடும்," என்றார் வழிகாட்டி இராமச்சந்திரன்.

"ஏத்துனேன் சார். விசை வருது, சீவல் தடிச்சுப் போகுது."

லேத்தில் விழுந்த சீவல்களை எடுத்துவைத்திருந்தாள். மெல்லியவை. அவை அவளைப் பொய் சொல்ல விடவில்லை.

மிச்சமிருந்தது ஒன்றுதான். கணினியில் முனையை மழுங்கலே இல்லாத கூராக வைத்திருந்தாள். உண்மையான கார்பைடு வெட்டுமுனையின் விளிம்பு, நுண்ணோக்கியில் பார்த்தால், சற்றே உருண்டிருக்கும். அந்த உருட்சியை அளந்து கொடுத்தால் விசை ஏறும், சீவல் அவ்வளவாக மாறாது. சோதனையில் வெட்டிய முனைகளுக்கு மார்க்கரால் எண் போட்டு வைத்திருந்தாள். டப்பாவைத் திறந்தாள்.

முனைகள் பளபளத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குங்குமப் பொட்டு. எண் எதிலும் இல்லை.

"ஆயுத பூஜைக்கு நாந்தானுங்க அம்மிணி, தின்னர் போட்டுத் தொடச்சேன்," என்றார் ஆய்வக உதவியாளர் மல்லப்பன். கொள்ளேகாலை அடுத்த அனூர்ப் பக்கத்துக்காரர். "அலமாரில செதறிக் கெடந்த மத்ததையும் இதுலயே போட்டு வெச்சனுங்க. ஏனுங், தப்பாப் போச்சுங்களா?"

"இல்லண்ணா," என்றாள்.

மறுபடி வெட்டி அளக்கவும் வழியில்லை. விசைமானி இரவல் வாங்கியது. பெங்களூருக்குத் திரும்பிப் போய்விட்டது.

ஒவ்வொன்றாக நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். உருட்சி ஒவ்வொன்றிலும் ஒரு விதம். ஞாயிறு மத்தியானம் ஒரு முனையின் அளவைக் கொடுத்தபோது இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. சீவலும் பொருந்தியது.

அழுதாள். பிறகு அந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதுதான் அன்று வெட்டியது என்று சொல்ல அதில் பொட்டைத் தவிர ஒன்றுமில்லை. விடை பொருந்துகிறது என்பதற்காக இதையே எடுத்துக்கொள்வதும், உராய்வை ஏற்றுவதும் ஒன்றுதான்.

இராமச்சந்திரன் போன் செய்தார். "வந்துதாம்மா?"

"வரல சார்."

முனையை டப்பாவில் மற்றவற்றோடு போட்டு மூடி, எது அது என்று தனக்கே தெரியாதபடி குலுக்கினாள். கை வலித்த பிறகும் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.