தூக்குவாளி கழுவிய தண்ணீர்

இரண்டு வருடத்துக்கு முன்னால், பங்குனி மாதக் கடைசியில், தாயில்பட்டியைத் தாண்டி இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில் நடந்தது இது.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களைக் கட்டாகக் கட்டி, என் மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்து, கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வண்டி ரொம்பப் பழசு. மூத்த மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடம் வாங்கியது. அவளுக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கட்டை இறக்கிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிடுவேன்.

மாசி மாதத்திலிருந்தே வண்டி பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்திருந்தது. திங்கள்கிழமை போட்டால் சனிக்கிழமை வரை ஓடுகிற வண்டி, வியாழக்கிழமையே ரிசர்வுக்கு வந்து நின்றது. பெட்ரோல் பங்கில் அளவைக் குறைக்கிறார்களோ என்று முதலில் பங்கை மாற்றினேன். பிறகு ராத்திரியில் யாரோ டியூப் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, வண்டியை வீட்டுக்குள்ளேயே ஏற்றி நிறுத்தினேன். "அதுக்கும் ஒரு பாயை விரிச்சுப் போடவா?" என்று கேட்டாள் என் மனைவி.

மெக்கானிக்கிடம் போனேன். பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், ஏர் பில்டர் புதிதாகப் போட்டார். ஒன்றும் மாறவில்லை. இரண்டாவது தடவை போனபோது, "வயசாச்சுல்ல அண்ணாச்சி. நமக்கே மூச்சு வாங்குது, அதுக்கு வாங்காதா?" என்றார். மூன்றாவது தடவை போக எனக்குக் கூச்சமாக இருந்தது. திரும்பத் திரும்பப் போய் நின்றால் அவர் வேலையைக் குறை சொல்வது போல ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வெயில் தலையைப் பிளந்தது. கட்டும் வழக்கத்தைவிடக் கனம். நான் போய்ச் சேர்ந்தது மதியச் சாப்பாட்டு நேரம். அந்தக் கம்பெனியில் வண்டிகளை கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில்தான் நிறுத்த வேண்டும். அதே மரத்தடியில்தான் வேலை பார்க்கும் பெண்களும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஸ்டோர்காரர் சாப்பிடப் போயிருந்ததால், கட்டை இறக்காமல் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

"அண்ணாச்சி, வரும்போதெல்லாம் இந்த மரத்தையே பாத்துக்கிட்டு நிக்கீகளே, மரத்தைப் பொண்ணு கேட்டு வந்தீகளா?" என்று ஒரு பெண் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சும்மா இருங்கடி. சாப்பிட்டீகளாய்யா? ஒரு வாய் புளிச்சோறு தின்னுங்க" என்றார் ஓர் அக்கா. என் வயது இருக்கும். புடவைக்கு மேலே பழைய ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். நான் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போது சாப்பிட்டு முடித்த ஒரு பெண், தன் தூக்குவாளியைக் கழுவி, அந்தத் தண்ணீரைத் திரும்பிப் பார்க்காமலே பின்பக்கமாக வீசினாள். அது என் வண்டியின் பின் சக்கரத்தில் விழுந்தது.

'சுர்ர்ர்' என்று ஒரு சத்தம். லேபிள் கட்டுக்குக் கீழே இருந்து வெள்ளையாக ஒரு புகை எழும்பியது.

நான் புகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மரத்தடியில் ஒருவரும் இல்லை.

யாரும் கத்தவில்லை. ஐயோ என்றுகூட ஒரு குரல் இல்லை. என்ன சத்தம் என்று யாரும் நின்று பார்க்கவும் இல்லை. திறந்த சோற்றுவாளிகளும் செருப்புகளும் போட்டது போட்டபடி கிடந்தன. முழங்கால் வலியில் சற்று முன்னால்தான் மரத்தைப் பிடித்து உட்கார்ந்த ஒரு பெண்ணை, இரண்டு பேர் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டே ஓடுவதை மட்டும் பார்த்தேன். அவள் கால் தரையில் படவே இல்லை. பெரிய மீன் கூட்டம் ஒன்று தண்ணீருக்குள் சட்டென்று திரும்புமே, அந்த மாதிரி அத்தனை பேரும் ஒரே உடம்பாகத் திரும்பிப் போய்விட்டார்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான்தான் ஏதோ தப்பாக நடந்துகொண்டேன், அதனால்தான் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அந்தச் சத்தத்துக்கு அங்கே ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு என்பது எனக்கு உறைக்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றேன்.

அப்போதுதான் அந்த அக்கா திரும்பி வந்தார். மற்றவர்கள் ஓடிப் பதுங்கிய ஓடைப் பக்கமிருந்து, வெறுங்காலோடு, என்னைப் பார்த்து ஓடி வந்தார். வந்த வேகத்தில் என் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து இழுத்தார். சட்டைப் பை கிழிந்து அவர் கையோடு வந்தது. மறுபடியும் காலரைப் பிடித்தார். நான் அவரைவிட ஒன்றரை மடங்கு கனம். எப்படி இழுத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முள்ளும் கல்லுமாகக் கிடந்த தரையில் இழுத்துக்கொண்டு போய், காய்ந்த ஓடைக்குள் தள்ளி, என் தலையை மண்ணோடு சேர்த்து அமுக்கிக்கொண்டார்.

"எந்திரிக்காதீக" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

அவர் கையில் புளிச்சோற்று வாசம் இருந்தது. மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் இரைத்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. என் வண்டியில் இருப்பது வெறும் காகிதம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கட்டு வெடிக்கப் போகிறது என்றுதான் எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். இந்த அக்காவும் அப்படி நினைத்துத்தான் ஓடினார். அப்படி நினைத்துக்கொண்டேதான் திரும்பியும் வந்திருக்கிறார்.

ஒன்றும் வெடிக்கவில்லை. மரத்தடியில் காக்காய்கள் இறங்கி, சோற்றுவாளிகளில் தலையை விட்டு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன. கம்பெனி போர்மேன் ஒரு மணல் வாளியோடு மெல்ல நடந்து போய், வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்தார். சக்கரத்தின் நடுவில் இருக்கும் பிரேக் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் படக்கென்று எடுத்துக்கொண்டார்.

"வீலு கொதிக்குதுய்யா! டிரம்முல தோசையே சுடலாம்" என்று கத்தினார்.

பெண்கள் ஒவ்வொருவராக ஓடையிலிருந்து ஏறி வந்தார்கள். நான்தான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "வண்டி ரொம்பப் பெட்ரோல் குடிக்குது. ஏன்னே தெரியல" என்றேன்.

போர்மேன் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின் டயரைக் கையால் சுற்றிப் பார்த்தார். அது லேசில் அசையவில்லை. "பிரேக்கு அப்பிப் பிடிச்சிருக்கு. சிவகாசியிலருந்து பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேவா வந்தீக? பிறகு குடிக்காம என்ன செய்யும்? இந்த பிரேக் நட்டை இம்புட்டு முறுக்குனது யாரு?"

நான்தான். மாசியில் ஒரு நாள் வெடிமருந்து லாரிக்குப் பின்னால் போனபோது பிரேக் சரியாகப் பிடிக்காத மாதிரி பயந்து, வீட்டில் நானே அந்த நட்டை முறுக்கினேன். அன்றிலிருந்து காலையும் பிரேக் மிதியிலிருந்து எடுப்பதில்லை. பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கு பியூஸ் போய் நாளாகியிருந்தது. இல்லையென்றால், எப்போதும் எரிகிறதே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மெக்கானிக்கிடம் இதையெல்லாம் நான் சொல்லவே இல்லை.

"எங்க உசிரைக் கையில பிடிக்க வச்சிட்டு இவரு மைலேஜ் பாக்காரு!" என்றாள் தூக்குவாளிக்காரப் பெண். யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "சோறு பூராம் காக்கா தின்னுருச்சு. நாளைக்கு அண்ணாச்சி செலவுல பிரியாணி!" என்றது ஒரு குரல்.

அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தள்ளி உட்கார்ந்து உள்ளங்காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் நகத்துக்குப் பிடிபடவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை.

"வெடிக்கும்னுதான நெனைச்சீக?"

"ஆமா."

"பிறகு ஏன்க்கா திரும்பி வந்தீக?"

இது என்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தார். "நீங்க அங்கன நின்னுக்கிட்டு இருந்தீகள்ல" என்றார். மறுபடியும் முள்ளைத் தேட ஆரம்பித்தார். கொஞ்சம் கழித்து, "சட்டை கிழிஞ்சிருச்சு. வீட்டுல சொல்லித் தைச்சுக்கங்க" என்றார்.

போர்மேன் நட்டைத் தளர்த்திவிட்டார். சக்கரம் ஆறிய பிறகு ஒரு தட்டுத் தட்டியதும் தானாகச் சுற்றியது. அதன் பிறகு வண்டி பழையபடி சனிக்கிழமை வரை ஓடுகிறது. மனைவியிடம் நடந்ததைச் சொன்னபோது, அவள் அந்தச் சட்டையைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த லோடு போனபோது ஒரு பெரிய தூக்குவாளி நிறையக் கோழிக்குழம்பும் சோறும் கொடுத்து அனுப்பினாள். நானும் அந்த மரத்தடியில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அக்காவின் பெயரை எழுதவில்லை. எழுதினால் திட்டுவார்.

இப்போதெல்லாம் வண்டியை எங்கே நிறுத்தினாலும் பின் டிரம்மைப் புறங்கையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். தொடும்போதெல்லாம் முள் ஏறிய அந்தப் பாதம் கண் முன்னால் வருகிறது. பயத்தில் பிரேக்கை விட்டு எடுக்காமல் இருந்த என் கால், அப்படி ஒரு நாள் எனக்கும் வந்தால், ஆபத்தில் நின்றுகொண்டிருக்கிறவரை நோக்கி ஓடுமா என்று ஒவ்வொரு தடவையும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.