பெயர் சொல்லாத தங்கை

அந்தத் தோல் தொப்பியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் அவர் படுப்பார். காதை மூட இரண்டு மடல்கள், தாடையில் கட்ட ஒரு வார். தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவில், ஸ்காபரோ முதியோர் இல்லம் ஒன்றில் காலை ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன். மல்வேர்னில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் பிடித்து, குளிரில் விறைத்துப்போய் உள்ளே நுழைந்தால் முதலில் குளிக்கவார்க்க வேண்டியவர் அவர்தான். ஐரோப்பாவில் ஒரு பிரபு குடும்பத்தின் மூத்த மகன். மரச்சட்டத்தில் துணி இழுத்துக் கட்டிய விமானங்களை இளவயதில் ஓட்டியவர். அவருக்கு டயப்பர் மாற்றுவது என் வேலை.

அதே இல்லத்தின் மேல்மாடியில் அவருடைய தங்கை இருந்தார். எண்பது தாண்டியும் முதுகு வளையாத மனிசி. தினமும் காலையில் இறங்கி வந்து தமையனுக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுப் போவார். ஒரு தடவைகூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாத மாதிரி இதுவும் ஒரு மரியாதை என்று நினைத்துவிட்டேன். என் வாயிலும் புருஷன் பெயர் வந்ததில்லை, 'இஞ்சாருங்கோ' மட்டும்தான். என் முட்டாள்தனத்தைப் பாருங்கள், உங்கள் தங்கைக்கு உங்களில் எவ்வளவு மரியாதை என்று அவரிடமே மெச்சிச் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சில நாள் கழித்து, எங்கள் இரண்டு பேரின் அரைகுறை ஆங்கிலத்தில், அவராகவே சொன்னார். பறக்க வேண்டும் என்று நச்சரித்த தம்பியை ஒருநாள் விமானத்தில் ஏற்றிப் போயிருக்கிறார். விமானம் விழுந்தது. தம்பி செத்தான், இவர் தப்பினார். இனி இந்தக் குடும்பத்தில் ஒருவரும் மூத்தவன் பெயரைச் சொல்லக்கூடாது என்று தகப்பன், தம்பியின் பிரேதத்துக்கு முன் நின்று கட்டளையிட்டார். தாய் சாகும்வரை சொல்லவில்லை. பிறகு யுத்தம் வந்தது. மாளிகையும் நிலமும் போயின, தகப்பனும் போனார். அந்தக் கட்டளை மட்டும் கப்பலேறி ரொறன்ரோ வந்து சேர்ந்தது. தான் சாவதற்கு முன் தங்கை ஒரு தரம் தன் பெயரைச் சொன்னால் போதும் என்றார்.

"உது அவையின்ர குடும்ப விசயம். நீர் வாயை மூடிக்கொண்டு இரும்" என்றார் மோர்னிங்சைட் பக்கமிருந்து வந்து என்னோடு வேலை செய்த அக்கா. என்னால் முடியவில்லை. அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிய காலையில் தங்கையைக் கூட்டிவந்து, ஒரு தரம் கூப்பிடுங்கள், அதற்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று கெஞ்சினேன். மனிசி தமையனின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். உதடு அசைந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அப்பா இன்னும் அனுமதி தரவில்லை."

தகப்பன் செத்து ஐம்பது வருடத்துக்கு மேல். மத்தியானத்துக்குள் தமையனும் போய்விட்டார். அவர் கண்களை மூடிவிட்டவரும் அந்தத் தங்கைதான். எனக்கு அந்த மனிசியை அறைய வேண்டும் போலிருந்தது. வீடு வரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

நாங்கள் அஜக்ஸ் நகருக்கு வீடு மாறியே கனகாலம். போன மாரிக் குளிரில் என் புருஷன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். 'இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அசைவில்லை. குனிந்து, காதுக்குள் அவர் பெயரைச் சொன்னேன். நாக்குக் கூசியது.

"அம்மா, அப்பாவைப் பேர் சொல்லியா கூப்பிடுறீங்கள்?" என்று இங்கேயே பிறந்த மகள் திடுக்கிட்டுக் கேட்டாள்.

ஓம் என்றேன். அவர் மூச்சு நிற்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.